26 பிஎஸ்ஐ: ஃபோர்டும் ஃபயர்ஸ்டோனும் பிரிந்த கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த திரும்பல்களை மட்டும் நீக்கியிருக்கிறோம்.)

போன வாரம் ரப்பர் எப்படி டயர் ஆனது என்று பேசினோம். அதைக் கேட்டுவிட்டு ஒரு நண்பர் எழுதியிருந்தார்: "ரப்பர் கதையைச் சொன்னீங்க, காத்து கதையை விட்டுட்டீங்களே." நியாயமான கேள்விதான். காரின் எடையைத் தாங்குகிற வேலையில் பெரும்பங்கு உள்ளே அடைத்து வைத்த காற்றுடையது. ரப்பரும் கம்பி வலையும் அந்தக் காற்றைப் பிடித்து வைத்திருக்கிற பை, அவ்வளவுதான்.

அதனால் இன்றைக்குக் காற்றின் கதை. அதிலும் ஒரே ஒரு எண்ணின் கதை. 26.

1990 மார்ச்சில் அமெரிக்காவில் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் என்ற வண்டி விற்பனைக்கு வந்தது. இன்றைக்கு நம்ம தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒன்று நிற்கிறதே எஸ்யூவி, அந்த வகை வண்டியைக் குடும்ப வண்டியாக அமெரிக்கர்களுக்குப் பழக்கியதில் எக்ஸ்ப்ளோரருக்குப் பெரிய பங்கு உண்டு. டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒரு ஸ்டிக்கர். டயரில் காற்று எவ்வளவு இருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். எக்ஸ்ப்ளோரரில் எழுதியிருந்தது 26 பிஎஸ்ஐ. அதே வண்டியில் குனிந்து டயரின் பக்கச் சுவரைப் பார்த்தால் அங்கே வேறொரு எண்: அதிகபட்சம் 35. கதவில் எழுதியது கார் கம்பெனி. டயரில் எழுதியது டயர் கம்பெனி. இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் இருந்த ஒன்பது பிஎஸ்ஐ இடைவெளியைப் பற்றித்தான் பத்து வருஷம் கழித்து அமெரிக்க நாடாளுமன்றத்தில் சண்டை நடந்தது. அதற்குள் நூற்றுக்கணக்கானவர்கள் செத்துப் போயிருந்தார்கள்.

சண்டைக்குப் போவதற்கு முன்னால், காத்து கம்மியாக இருந்தால் டயருக்குள் என்னதான் நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்துவிடலாம். இது புரிந்தால்தான் மற்றது புரியும்.

டயர் சாலையில் படுகிற இடத்தில் தட்டையாகிறது. அந்த இடம் சுற்றி மேலே போனதும் மறுபடி வட்டமாகிறது. எக்ஸ்ப்ளோரரில் இருந்த மாதிரி டயர் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு 12 முறை சுற்றும். அப்படியென்றால் அதன் ஒவ்வொரு பகுதியும் நொடிக்கு 12 முறை மடங்கி விரிகிறது. ஒரு மணி நேரத்தில் நாற்பதாயிரம் முறைக்கு மேல். ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்துக்கொண்டே இருந்தால் வளைகிற இடம் சூடாகி, கடைசியில் பட்டென்று உடையும் இல்லையா? ரப்பரும் மடங்கி விரியும்போது கொடுத்த சக்தி முழுவதையும் திருப்பிக் கொடுக்காது. மிச்சம் சூடாகத் தங்கிவிடும். காத்து சரியாக இருந்தால் மடிப்பு சின்னது, சூடும் சின்னது. காத்து குறைந்தால் மடிப்பு பெரிது, சூடும் பெரிது. வண்டியில் ஆள் ஏற ஏற, வேகம் கூடக் கூட, வெயில் ஏற ஏற அந்தச் சூடு இன்னும் கூடும்.

இப்போதைய ரேடியல் டயரில் ஓடுதளத்துக்குக் கீழே ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு எஃகுக் கம்பிப் பட்டைகள் இருக்கும். சூட்டிலும் இழுவிசையிலும் முதலில் சோர்ந்து போகிற இடம் அந்தப் பட்டைகளின் ஓரம். அங்கே ரப்பரில் மயிரிழை போல ஒரு விரிசல் விழும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. விரிசல் உள்ளுக்குள்ளேயே பட்டைக்கும் பட்டைக்கும் நடுவில் நடந்து நடந்து போகும். ஒருநாள், பெரும்பாலும் கோடையில், நெடுஞ்சாலையில், முழு வேகத்தில், மேல் பட்டையும் ஓடுதளமும் சேர்ந்து ஆரஞ்சுத் தோல் மாதிரி உரிந்து வந்துவிடும். டயர் வெடிக்கக்கூட வேண்டாம். சில சமயம் காற்று அப்படியே உள்ளே இருக்க, தோல் மட்டும் கழன்று போகும்.

காத்து கம்மியாக இருந்தால் பிரேக் தூரம் கூடுவது, ஈரச் சாலையில் வழுக்குவது, பெட்ரோல் அதிகம் குடிப்பது எல்லாம் உண்டுதான். ஆனால் இந்தக் கதைக்கு முக்கியமானது இந்தச் சூடு.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக எனக்கு மனசு வரவில்லை. "வெயில் காலத்துல காத்தைக் கொஞ்சம் குறைச்சு வைங்க சார், இல்லேன்னா வெடிச்சிடும்" என்று நம்ம ஊரில் சொல்வார்கள். பஞ்சர் கடையிலும் சொல்வார்கள், படித்தவர்களும் சொல்வார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும்: சூட்டில் காற்று விரியும், அதனால் முன்கூட்டியே குறைத்து வைப்போம் என்று. விரிவது உண்மை. வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் அழுத்தம் கிட்டத்தட்ட 2 பிஎஸ்ஐ கூடும். ஆனால் கதவோரத்து எண் குளிர்ந்த டயருக்கான எண். ஓடும்போது அது ஏறும் என்று தெரிந்துதான் அந்த எண்ணை வைக்கிறார்கள். முன்கூட்டியே குறைத்து வைத்தால் டயர் அதிகம் மடங்கும், அதிகம் சூடாகும். எதற்குப் பயந்து குறைத்தோமோ அதையே நாம் கூப்பிட்டு உட்கார வைத்த மாதிரி ஆகிவிடும்.

இன்னொன்று, ரேடியல் டயரைக் கண்ணால் பார்த்துக் காத்து அளவைச் சொல்ல முடியாது. பழைய காலத்து டயரில் காத்து குறைந்தால் பார்த்தாலே தெரியும். ரேடியலின் பக்கச் சுவர் சரியான காற்றிலேயே கொஞ்சம் உப்பித்தான் நிற்கும். 35-ம் 25-ம் பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றுதான். காலால் ஒரு உதை உதைத்துப் பார்க்கிற வழக்கம் இருக்கே, அதனால் காலுக்குத்தான் வேலை. ஓட்டை எதுவும் இல்லாத நல்ல டயரே மாதத்துக்கு ஒரு பிஎஸ்ஐ, இரண்டு பிஎஸ்ஐ இழக்கும். ஆக, கதவில் 26 என்று போட்டிருந்த வண்டியை மூன்று மாதம் கவனிக்காமல் விட்டால் 20, 21-க்கு வந்து நிற்கும். வெளியே ஒன்றுமே தெரியாது.

சரி, கதைக்கு வருவோம். இதில் இரண்டு குடும்பங்கள் இருக்கின்றன.

ஹென்றி ஃபோர்டும் ஹார்வி ஃபயர்ஸ்டோனும் நண்பர்கள். 1906-ல் ஃபோர்டு தன் கார்களுக்கு 2,000 செட் டயர் வேண்டும் என்று ஃபயர்ஸ்டோனிடம் ஆர்டர் கொடுத்தார். அதில் தொடங்கியது. பிறகு இவர்கள் இருவரும் தாமஸ் எடிசனும் சேர்ந்து வருஷா வருஷம் காட்டுக்குள் கூடாரம் அடித்துத் தங்கப் போவார்கள். ஊர்கோலம் மாதிரி, சமையல்காரரோடு, பின்னாலேயே பத்திரிகைக்காரர்களும். அந்தக் காலத்து டயர்கள் ஒல்லியாக, கல் மாதிரி இருக்கும். அறுபது பிஎஸ்ஐ, அதற்கு மேலும் காற்றடிப்பார்கள். 1923-ல் ஃபயர்ஸ்டோன்தான் 'பலூன் டயர்' என்று பருத்த, குறைந்த அழுத்த டயரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பயணம் மெத்தையில் போகிற மாதிரி ஆனது. குறைந்த காற்று என்றால் சொகுசு என்ற பாடத்தைக் கார் உலகத்துக்குக் கற்றுக் கொடுத்தவர்களில் முதல் வரிசையில் நிற்பது அந்தக் கம்பெனி. பின்னால் நடந்ததை வைத்துப் பார்க்கும்போது இது எனக்கு உறுத்தும்.

குடும்ப உறவும் ஏற்பட்டது. ஹென்றியின் பேரன் வில்லியம் கிளே ஃபோர்டு, ஹார்வியின் பேத்தி மார்த்தாவைக் கல்யாணம் செய்துகொண்டார். அவர்களுடைய மகன்தான் 1999-லிருந்து ஃபோர்டு கம்பெனியின் தலைவரான பில் ஃபோர்டு. அதாவது இந்தச் சண்டை நடந்தபோது ஃபோர்டு தலைவரின் அம்மா வீடு ஃபயர்ஸ்டோன். இதை ஒரு சீரியலில் எழுதினால் நம்ப மாட்டோம்.

இதற்கு முன்னால் ஒரு ஒத்திகை நடந்தது. 1970-களில் மிஷெலின் கம்பெனியின் ரேடியல் டயர் அமெரிக்காவுக்குள் வந்ததும் ஃபயர்ஸ்டோன் அவசர அவசரமாகத் தன்னுடைய ரேடியலை இறக்கியது. பெயர் ஃபயர்ஸ்டோன் 500. கொஞ்ச நாளில் பட்டைகள் பிரிய ஆரம்பித்தன. விபத்துகள், சாவுகள். 1978-ல் நாடாளுமன்றத் துணைக்குழு கூப்பிட்டு விசாரித்தபோது ஃபயர்ஸ்டோன் சொன்ன பதில்களில் முக்கியமானது இது: டயரில் தப்பு இல்லை, வாடிக்கையாளர்கள் காத்து சரியாக அடிப்பதில்லை, அதிக பாரம் ஏற்றுகிறார்கள்.

இந்தப் பதிலில் பொய் இல்லை. அதுதான் இதில் இருக்கிற சிக்கலே. மக்கள் காத்து பார்ப்பதில்லை என்பது உண்மை. காத்து குறைந்தால் டயர் பிரியும் என்பதும் உண்மை. ஆனால் அதே மக்கள், அதே அலட்சியத்தோடு, வேறு கம்பெனி டயரிலும்தானே ஓடினார்கள்? அங்கே ஏன் இந்த அளவுக்கு உரியவில்லை? இந்தக் கேள்வியைக் கேட்டவர்களில் ஒருவர் ஜோன் கிளேபுரூக். அப்போது அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்துக்குத் தலைவர். கடைசியில் அந்த ஆண்டே ஃபயர்ஸ்டோன் சுமார் ஒரு கோடியே 45 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற ஒப்புக்கொண்டது. கம்பெனி அதிலிருந்து முழுசாக எழுந்திருக்கவே இல்லை. 1988-ல் ஜப்பானின் பிரிட்ஜ்ஸ்டோன் அதை 260 கோடி டாலருக்கு வாங்கியது. (பிரிட்ஜ்ஸ்டோன் என்ற பெயர் எப்படி வந்தது தெரியுமா? நிறுவனர் பெயர் இஷிபாஷி. ஜப்பானிய மொழியில் 'கல் பாலம்'. அதைத் திருப்பிப் போட்டு ஆங்கிலப்படுத்திக்கொண்டார்.) கிளேபுரூக் அம்மையாரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருவார்.

இப்போது எக்ஸ்ப்ளோரர். அதற்கு முன் ஃபோர்டு விற்றது பிராங்கோ டூ என்ற சின்ன எஸ்யூவி. சட்டென்று திருப்பினால் கவிழ்கிறது என்று ஏராளமான வழக்குகள் வாங்கிய வண்டி. எக்ஸ்ப்ளோரர் அதற்கு மாற்றாக, ஃபோர்டின் ரேஞ்சர் பிக்கப் அடித்தளத்தின் மேல் உருவானது. 1989-ல் சோதனை ஓட்டங்களில், வேகமாகத் திருப்பும்போது சக்கரங்கள் தரையைவிட்டு எழும்பின. பொறியாளர்கள் முன்னால் சில வழிகள் இருந்தன. சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தைக் கூட்டலாம். இன்ஜினைக் கீழே இறக்கலாம். இரண்டுமே நல்ல வழி, இரண்டுக்குமே நாள் ஆகும், பணம் ஆகும். வெளியீட்டுத் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. ஃபோர்டு தேர்ந்தெடுத்தது, சஸ்பென்ஷனில் சில மாற்றங்களும், டயரில் காற்றைக் குறைப்பதும்.

காற்றைக் குறைத்தால் கவிழ்வது ஏன் குறையும் என்று கேட்கலாம். மெத்தென்ற டயர் ஸ்டியரிங்குக்கு உடனே பதில் சொல்லாது, கொஞ்சம் தாமதமாகச் சொல்லும். சட்டென்று திருப்பினால் வண்டி பிடித்துக்கொண்டு சாய்வதற்குப் பதிலாகக் கொஞ்சம் வழுக்கிப் போகும். சோதனைத் திடலில் இது உதவும். சொகுசாகவும் இருக்கும். 26 என்பது சொகுசுக்கும் ஓட்டும் தன்மைக்கும் ஏற்ற எண், வண்டி பாதுகாப்பானது என்றுதான் ஃபோர்டு கடைசிவரை சொல்லிவந்தது. பிறகு வெளிவந்த ஃபோர்டின் உள் ஆவணங்களைப் படித்தவர்கள் வேறு மாதிரி வாசித்தார்கள். என் தீர்ப்பு இது: உடம்பில் இருக்கிற குறையைச் செருப்பில் சரிசெய்யப் பார்த்தார்கள். செருப்பு தேய்ந்தபோது இரண்டு குறையும் சேர்ந்து வெளியே வந்தது.

அது எப்படி நடந்தது? பின்பக்க டயர் ஒன்றின் தோல் உரிகிறது. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகம். உரிந்த பக்கம் வண்டியை இழுக்கிறது. ஓட்டுகிறவர் பதறி எதிர்ப்பக்கம் திருப்புகிறார். பின்சக்கரத்தில் பிடிப்பு இல்லாததால் வண்டி குறுக்கே திரும்புகிறது. உயரமான, ஒடுக்கமான வண்டி. கவிழ்கிறது. தாழ்வான ஒரு காரில் இதே டயர் உரிந்திருந்தால் பெரும்பாலும் ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்டெப்னி மாட்டியிருப்பார்கள்.

1998 ஜூலையிலேயே ஸ்டேட் ஃபார்ம் காப்பீட்டு நிறுவனத்தின் ஆய்வாளர் ஒருவர், ஃபயர்ஸ்டோன் டயர் உரிந்த 21 சம்பவங்களைத் தொகுத்து அரசு நிர்வாகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினார். ஒன்றும் நடக்கவில்லை. 1999-ல் ஃபோர்டு சவூதி அரேபியாவில் விற்ற எக்ஸ்ப்ளோரர்களில் டயரை மாற்றிக் கொடுக்க ஆரம்பித்தது. அடுத்த வருஷம் மே மாதம் வெனிசுவேலாவில். அதாவது வெளிநாட்டில் மாற்றிக்கொண்டிருந்தார்கள், சொந்த நாட்டில் வாயைத் திறக்கவில்லை. 2000 பிப்ரவரியில் ஹூஸ்டன் நகரத்து உள்ளூர்த் தொலைக்காட்சி ஒன்று, கேஎச்ஓயு, டெக்சாஸில் நடந்த சாவுகளை வரிசையாகக் காட்டியது. ஒளிபரப்பு முடிந்ததும் போன் மேல் போன், எங்கள் வீட்டிலும் இப்படித்தான் நடந்தது என்று. மே மாதம் அரசு விசாரணை தொடங்கியது. ஆகஸ்ட் 9-ம் தேதி ஃபயர்ஸ்டோன், சாலையில் ஓடிக்கொண்டிருப்பதாகக் கணித்த 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. ஏடிஎக்ஸ், ஏடிஎக்ஸ் டூ, அப்புறம் இல்லினாய் மாநிலம் டெகேட்டர் ஆலையில் செய்த வில்டர்னஸ் ஏடி.

மாற்றுவதற்குப் போதுமான டயர் கையில் இல்லை. முதலில் அரிசோனா, கலிஃபோர்னியா, ஃபுளோரிடா, டெக்சாஸ், மற்ற மாநிலங்கள் பிறகு என்றார்கள். வெயில் மாநிலங்கள் முதலில் என்பதிலேயே காரணம் தெரிகிறது. மற்ற ஊர்க்காரர்கள் என்ன செய்வது, அதுவரை அதே டயரில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப் போவதா என்று கொந்தளித்தார்கள். ஃபோர்டு தன் மூன்று ஆலைகளைக் கொஞ்ச நாள் மூடி, புது வண்டிக்கு வைத்திருந்த டயர்களை எடுத்துக் கொடுத்தது.

செப்டம்பரில் நாடாளுமன்ற விசாரணை. பிரிட்ஜ்ஸ்டோன்/ஃபயர்ஸ்டோன் தலைமை அதிகாரி மசதோஷி ஓனோ மன்னிப்புக் கேட்டார். ஃபோர்டின் ஜாக் நாசர், இது டயர் பிரச்சினை, வண்டிப் பிரச்சினை இல்லை என்றார். அப்புறம்தான் 26 மேடை ஏறியது. ஃபயர்ஸ்டோன் தரப்பு வாதம்: 26 ரொம்பக் குறைவு, 30 வைத்திருக்க வேண்டும், 26-ல் ஆரம்பித்து, வழியில் கொஞ்சம் காற்று போய், குடும்பமும் மூட்டையும் ஏறினால் டயருக்கு மிச்சம் வைக்க ஒன்றுமில்லை. ஃபோர்டு தரப்பு பதில்: குட்இயர் டயர் போட்ட எக்ஸ்ப்ளோரர்களும் அதே 26-ல்தான் ஓடின, அவை ஏன் உரியவில்லை? அதோடு, 26-க்கு நீங்களும்தானே இத்தனை வருஷம் சம்மதித்தீர்கள்?

இரண்டு பேர் சொன்னதும் சரி என்பதுதான் வேடிக்கை. ஃபயர்ஸ்டோன் சொன்ன இயற்பியல் சரி. ஃபோர்டு கேட்ட கேள்வியும் சரி, 1978-ல் ஃபயர்ஸ்டோனைப் பார்த்து மற்றவர்கள் கேட்ட அதே கேள்வி. வாதம் முடிவதற்குள் ஃபோர்டே தன் பரிந்துரையை 30-க்கு ஏற்றிக்கொண்டது.

ஃபயர்ஸ்டோன் நியமித்த பெர்க்லி பேராசிரியர் சஞ்சய் கோவிந்த்ஜி 2001 தொடக்கத்தில் சொன்ன முடிவு ஒற்றைக் குற்றவாளியைக் காட்டவில்லை. டயரின் ஓர வடிவமைப்பு, டெகேட்டர் ஆலையின் ரப்பர் தயாரிப்பு முறை, வண்டியின் பாரம், குறைந்த காற்று, வெப்பம் எல்லாம் சேர்ந்தது என்றார். அந்த ஆண்டு அக்டோபரில் அரசு விசாரணையும் முடிந்தது. எஃகுப் பட்டைகளின் ஓரத்தில் இருக்கிற ரப்பர் ஆப்பு போதவில்லை, 1998 மே மாதத்துக்கு முன் செய்த டயர்கள் பிரிவதைத் தாங்கும் அளவுக்கு இல்லை என்று டயர்மீதுதான் குறை கண்டார்கள். மேலும் சுமார் 35 லட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. எக்ஸ்ப்ளோரரைத் தனியாக விசாரிக்க வேண்டும் என்று ஃபயர்ஸ்டோன் கேட்டதை 2002-ல் நிர்வாகம் மறுத்துவிட்டது. சட்டப்படி 26 குற்றவாளி ஆகவில்லை. அமெரிக்காவில் மட்டும் சாவுக் கணக்கு 271-ல் நின்றது.

இதில் டெகேட்டர் ஆலைக்கு இன்னொரு கதை உண்டு, தனி எபிசோடு போடலாம். 1994-ல் அங்கே பெரிய வேலைநிறுத்தம். கம்பெனி மாற்று ஆட்களை வைத்து ஓட்டியது. பொருளாதார அறிஞர்கள் ஆலன் குரூகரும் அலெக்சாண்டர் மாஸும் பிற்பாடு கணக்கெடுத்தபோது, தொழிலாளர் தகராறு நடந்த காலத்தில் அங்கே செய்த டயர்கள்தான் அதிகம் பிரிந்திருந்தன என்று தெரிந்தது. 2001 கடைசியில் ஆலை மூடப்பட்டது. ஃபோர்டு நாசர் வேலை போனதும் அதே ஆண்டுதான்.

உறவு முறிந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். 2001 மே 21 அன்று, ஓனோவுக்குப் பின் வந்த ஜான் லாம்பே, இனி ஃபோர்டுக்குப் புதிதாக டயர் விற்க மாட்டோம் என்று கடிதம் கொடுத்தார். நம்பிக்கை போய்விட்டது என்பது சாரம். மறுநாள் ஃபோர்டு, மிச்சமிருக்கிற ஒரு கோடியே 30 லட்சம் வில்டர்னஸ் டயர்களையும் தன் செலவில் மாற்றுவதாக அறிவித்தது; செலவு சுமார் 300 கோடி டாலர். 95 வருஷ உறவு இரண்டு நாளில் முடிந்தது. 2005-ல் பிரிட்ஜ்ஸ்டோன் ஃபோர்டுக்கு 24 கோடி டாலர் கொடுத்துக் கணக்கை முடித்துக்கொண்டது.

ஆனால் கார் ஓட்டுகிற நமக்கு இந்தக் கதையில் மிஞ்சியது அந்தக் கோடிகள் இல்லை. டேஷ்போர்டில் ஒரு சின்ன மஞ்சள் விளக்கு. அடியில் தட்டையான டயரின் குறுக்குவெட்டு மாதிரி, நடுவில் ஆச்சரியக்குறி.

2000 நவம்பர் 1-ம் தேதி அதிபர் கிளின்டன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். அதில் ஒரு சின்னப் பிரிவு: டயரில் காத்து மிகவும் குறைந்தால் ஓட்டுநரை எச்சரிக்கிற கருவி எல்லாப் புதுக் கார்களிலும் இருக்க வேண்டும். எவ்வளவு பேர் காத்து குறைந்து ஓடுகிறார்கள் என்று அரசு சாலையில் அளந்து பார்த்தபோது, நாலு காரில் ஒன்றுக்கு மேல் ஒரு டயராவது மோசமாகக் குறைந்திருந்தது. 1978-ல் 'வாடிக்கையாளர் அலட்சியம்' என்று கம்பெனி சொன்னது இப்போது வேறு விதமாகப் படிக்கப்பட்டது. நாலில் ஒருவர் செய்கிற தவறு என்றால் அது ஆளின் தவறு மட்டும் இல்லை. பார்த்தால் தெரியாத ஒன்றைத் தெரிய வைக்கிற பொறுப்பு வண்டிக்கும் உண்டு.

கருவியில் இரண்டு வகை. ஒன்று, ஒவ்வொரு சக்கரத்திலும் சென்சார் வைத்து அழுத்தத்தை நேராக அளப்பது. இன்னொன்று மலிவு: ஏபிஎஸ் பிரேக்குக்காக ஏற்கெனவே இருக்கிற சென்சாரை வைத்துச் சக்கர வேகத்தை ஒப்பிடுவது. காத்து குறைந்த டயரின் உருளும் சுற்றளவு கொஞ்சம் சின்னதாகும், அதனால் மற்றதைவிட வேகமாகச் சுற்றும். அதை வைத்துக் கண்டுபிடிப்பது. புத்திசாலித்தனமான யோசனைதான். ஆனால் அன்றைய கருவிகளில் ஓர் ஓட்டை. நாலு டயரும் ஒரே அளவில் குறைந்தால்? ஒப்பிட ஆள் இல்லை, விளக்கு எரியாது. யாரும் தொடாமல் மூன்று மாதம் விட்ட வண்டியில் நாலும் சேர்ந்துதானே குறையும்!

இது தெரிந்தும், வெள்ளை மாளிகையின் பட்ஜெட் அலுவலகம் 2002 தொடக்கத்தில் மலிவு வகைக்கும் இடம் கொடுங்கள் என்று விதியைத் திருப்பி அனுப்பியது. ஒரு டயர் 30 சதவீதம் குறைந்தால் மட்டும் எச்சரித்தால் போதும் என்ற வழியும் விதியில் நுழைந்தது. அதை எதிர்த்து நீதிமன்றம் போனது பப்ளிக் சிட்டிசன் என்ற நுகர்வோர் அமைப்பு. அதன் தலைவர் யார்? ஜோன் கிளேபுரூக். 1978-ல் அரசு நாற்காலியில் இருந்து ஃபயர்ஸ்டோன் 500-ஐப் பார்த்தவர், கால் நூற்றாண்டு கழித்து வெளியில் நின்று அதே அரசு நிர்வாகத்தின் மேல் வழக்குப் போட்டார். 2003 ஆகஸ்டில் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. எந்த டயர் குறைந்தாலும் எச்சரிக்க வேண்டும் என்பது சட்டத்தின் நோக்கம், நாலும் குறைந்ததைக் காணாத கருவியை அனுமதிக்க முடியாது என்றார்கள். 2005-ல் புது விதி வந்தது. ஒன்றோ நாலோ, குறிப்பிட்ட அளவிலிருந்து 25 சதவீதம் குறைந்தால் 20 நிமிஷத்துக்குள் விளக்கு எரிய வேண்டும். 2007 செப்டம்பர் முதல் அமெரிக்காவின் எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயம்.

25 சதவீதம் என்றால் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்க. கதவில் 32 என்று இருந்தால் 24 வரை விளக்கு சும்மா இருக்கலாம். 35 என்று இருந்தால் 26 வரை. விளக்கு எரியவில்லை என்பதற்காகக் காத்து சரியாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. விழப்போகிறோம் என்று சொல்கிற விளக்கு அது. நிறைய வண்டிகள் அதற்கு முன்பே எச்சரிக்கின்றன, அது கம்பெனியின் விருப்பம்.

நம்ம ஊருக்கு இந்த விளக்கு வேறு வாசல் வழியாக வந்தது. 2020-ல் இந்திய அரசு மோட்டார் வாகன விதியைத் திருத்தியது. டியூப்லெஸ் டயர், காத்து அளவைக் கண்காணிக்கிற கருவி, பஞ்சர் ஒட்டுகிற கிட் மூன்றும் இருக்கிற, மூன்றரை டன்னுக்குள் உள்ள பயணிகள் வண்டிக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை. அமெரிக்காவில் சாவுக்குப் பிறகு கூடுதல் காவலாக வந்த கருவி, இங்கே ஸ்டெப்னியை இறக்கி வைப்பதற்கான நிபந்தனைகளில் ஒன்றாக வந்தது. புது வண்டி வாங்கப் போகிறவர்கள் டிக்கியைத் திறந்து பாருங்கள், கீழே சக்கரம் இருக்கிறதா, கிட் மட்டும் இருக்கிறதா என்று. அப்படியே டிரைவர் கதவையும் திறந்து ஸ்டிக்கரைப் படித்துவிடுங்கள். பெட்ரோல் பங்க்கில் காத்து அடிக்கிற தம்பி "எவ்வளவு வைக்கட்டும் சார்" என்று கேட்கும்போது நம்மில் பாதிப் பேர் "முப்பது, முப்பத்திரண்டு வைப்பா" என்று குத்துமதிப்பாகச் சொல்கிறோம். பதில் கதவோரத்தில் எழுதியிருக்கிறது. சில வண்டிகளில் பெட்ரோல் மூடியின் உள்பக்கம். முன் சக்கரத்துக்கு ஒரு எண், பின் சக்கரத்துக்கு ஒரு எண், ஆள் நிறைய ஏறினால் இன்னொரு எண் என்று இருக்கும். காலையில் வண்டி ஓடுவதற்கு முன் அளப்பதுதான் கணக்கு. டெகேட்டர் வேலைநிறுத்தக் கதையை அடுத்த வாரம் சொல்கிறேன்.